முதலிடத்தில் பஞ்சம்மாள்

சாளை மீனுக்குச் செதிள் உரசிக்கொண்டிருந்தபோது லீமாரோஸுக்குப் போன் வந்தது. கையெல்லாம் மீன். மணிக்கட்டாலேயே பொத்தானை அமுக்கி, செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் செருகிக்கொண்டாள்.

"அக்கா, ராமேஸ்வரத்துலருந்து சவேரியார் பேசுறேன்."

"சொல்லுப்பா."

"யாருக்கா இந்தப் பஞ்சம்மாள்?"

"எந்தப் பஞ்சம்மாள்?"

"போட்டி நடத்துறது நீங்க. என்கிட்டக் கேக்குறீக. லிஸ்ட்டத் தொறந்து பாருங்க."

மீனைப் போட்டது போட்டபடி லீமாரோஸ் முன்னறைக்கு ஓடினாள். அன்றைய சாளை பூனைக்கு வாய்த்தது.

முன்னறைதான் அவளுடைய பிரவுசிங் சென்டர். பாம்பனில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, நான்கு கம்ப்யூட்டர்களும் ஒரு பிரிண்டரும் உப்புக் காற்றில் ஆறு மாதத்துக்கொரு முறை செத்துப் பிழைக்கும் ஒரு யு.பி.எஸ்ஸுமாக அது ஓடிக்கொண்டிருந்தது. ரிசல்ட் பார்க்க வருகிறவர்களும் வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப வருகிறவர்களும் போன பிறகு கிடைக்கிற ஓய்வு நேரங்களில், இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளை வைத்துக்கொண்டு, தானே படித்துத் தானே தடுமாறி, லீமாரோஸ் ஒரு வீடியோ கேம் செய்திருந்தாள். பெயர் 'பாலம் தாண்டு'.

ஒரு வல்லம், சின்ன நாட்டுப்படகு. அதன் எஞ்சினை முடுக்கிக் கடலுக்குள் செலுத்த வேண்டும். பாறையில் மோதாமல் மீன் பிடித்துக்கொண்டே போய், பாலம் திறக்கிற நேரம் பார்த்து அந்தப் பக்கம் தாண்ட வேண்டும். மீனுக்குப் பத்துப் புள்ளி, பாலம் தாண்டினால் நூறு. மூழ்காமல் மிதக்கிற ஒவ்வொரு நொடிக்கும் ஒரு புள்ளி. பாறையில் மோதினாலும் டீசல் தீர்ந்தாலும் ஆட்டம் முடிந்தது.

முதல் நான்கு வருடம் அந்த விளையாட்டை உலகத்தில் இரண்டே பேர்தான் ஆடினார்கள். ஒருத்தி லீமாரோஸ். இன்னொருவன் அவள் கணவன் யாக்கோபு. அவனும் ஒரே ஒரு தடவைதான் ஆடினான். கடலில் விசைப்படகு ஓட்டுகிறவன், திரையில் வல்லத்தைப் பாறை மேல் ஏற்றிவிட்டு, "எம் படகு இப்படித் திரும்பாது" என்று எழுந்து போய்விட்டான்.

2008-ஆம் வருடம்தான் அவளுக்கு விடிந்தது. ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் என்று சுற்றியுள்ள பிரவுசிங் சென்டர்க்காரர்களிடம் பேசி, இணையத்திலேயே ஒரு போட்டி அறிவித்தாள். யாரும் எங்கிருந்தும் ஆடலாம், புள்ளி தானாக வந்து பட்டியலில் ஏறும். கட்டணம் கிடையாது. கீழக்கரையில் சென்டர் வைத்திருந்த வாவு முகம்மது பரிசாக ஒரு பிரஷர் குக்கரே கொடுத்தார். நூறு பேருக்கு மேல் பெயர் பதிந்தபோது லீமாரோஸ் பட்டியலை பிரிண்ட் எடுத்து மாதா படத்துக்குக் கீழே வைத்துக் கும்பிட்டாள்.

இப்போது அந்தப் பட்டியலின் உச்சியில், 'பஞ்சம்மாள், ராமநாதபுரம்' என்றிருந்தது. புள்ளி ஏழாயிரத்துச் சொச்சம்.

அதற்கு அடுத்து சவேரியார். மூவாயிரத்தைத் தொடவில்லை.

போட்டியிலேயே கெட்டிக்காரன் சவேரியார்தான். அவன் விரல் பட்டால் வல்லம் பாறைகளுக்கு நடுவே பாம்பாகப் போகும். அவனைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஒருத்தி எப்படி எடுப்பாள்? ஏதோ கோளாறுதான் என்று லீமாரோஸ் அந்த வரியை அழித்துவிட்டாள். நல்லது செய்ததாகவே நினைத்தாள்.

மறுநாள் காலையில் ராமநாதபுரம் சென்டர்க்காரர் சதக் கூப்பிட்டார்.

"ஏந்தங்கச்சி, எங்க ஊரு ஆளு முன்னால வந்தா அழிச்சிருவியா?"

"அண்ணே, அது ஏதோ தப்பா ஏறுன புள்ளிண்ணே."

"தப்பா? அந்தம்மா என் கடையில ஒக்காந்திருந்தத நான் பாத்தேன். உத்தரகோசமங்கைலருந்து பஸ் ஏறி வருது. உன் ஆட்டத்துக்கு ஆளு சேரட்டும்னு, எவுக வந்து ஒக்காந்தாலும் மொத சோலியா நானே அவுக பேரை அடிச்சு ஆட்டத்தத் தொறந்து விட்டுக்கிட்டு இருக்கேன். நீ என்னடான்னா அழிக்கிறே."

லீமாரோஸ் போனோடு எழுந்து நின்றுவிட்டாள். தனக்காக ஊரில் ஒரு மனுஷன் இவ்வளவு பாடுபடுகிறாரா?

"மன்னிச்சுக்கங்கண்ணே. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"நன்றியெல்லாம் வேணாம். வெள்ளிக்கெழம அந்தம்மா மறுபடி வரும். ஒழுங்கா ஏத்து."

வெள்ளிக்கிழமை வந்தது. பஞ்சம்மாளும் வந்தாள் போலிருக்கிறது. மாலையில் பட்டியலின் உச்சியில் ஒன்பதாயிரம் நின்றது.

சவேரியார் ஒருவன் மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது போய், இப்போது ஊரே கூப்பிட்டது. ஒரு பெயரை ஒரு தடவை அழித்தது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், அவரவருக்குப் பிடிக்காத பெயரை அழிக்கச் சொல்லி ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒரு பையன் தன் அண்ணனையே அழிக்கச் சொன்னான்.

லீமாரோஸ் உட்கார்ந்து யோசித்து ஒரு விதி போட்டாள். இனி ஒவ்வொரு சென்டரிலும் உரிமையாளரே சாட்சியாக நின்று, 'இது நேர்மையான ஆட்டம்' என்று சொன்னால்தான் புள்ளி செல்லும்.

இரண்டே நாளில், அந்தக் கடற்கரை முழுவதிலும் நேர்மையில்லாத ஆட்டம் ஒன்றுகூட இல்லை என்று நிரூபணமாகிவிட்டது. சதக் ராமநாதபுரத்தில் ஆடியவர்கள் அத்தனை பேருக்கும் சாட்சி சொன்னார். வாவு முகம்மது கீழக்கரையில் ஆடியவர்கள் அத்தனை பேருக்கும் சாட்சி சொன்னார். அதில் ஒருவன் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. கீழக்கரை வழக்கப்படி 'காக்கா' என்று அண்ணன் முறை வைத்தே லீமாரோஸ் அவரிடம் கேட்டாள்.

"காக்கா, அவன் சென்னைக்குப் போயிருக்கானாமே?"

"போறதுக்கு முன்னாடி ஆடுனது தங்கச்சி. நெட்டு ஸ்லோ. இப்பத்தேன் வந்து சேந்திருக்கு."

அன்று மாலை யாக்கோபு கரை திரும்பியபோது லீமாரோஸ் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னவாம்?"

"எல்லாரும் நல்லவுகளா இருக்காக. அதான் பிரச்சன."

"ம்" என்றான் யாக்கோபு. அவனுடைய பேச்சு பெரும்பாலும் அந்த ஓரெழுத்தோடு முடியும்.

அடுத்த விதி இன்னும் கெட்டியாக இருந்தது. ஓர் ஊர் சாட்சி அந்த ஊரில் நிற்கக் கூடாது. வாவு முகம்மது ராமநாதபுரம் போக வேண்டும், சதக் கீழக்கரை போக வேண்டும். சாட்சி, ஆடுகிறவருக்கு ஜாடை காட்டிவிடக் கூடாது என்பதால் திரையைப் பார்க்கவும் கூடாது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் நாற்காலி போட்டு, ஆடுகிறவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதைவிட நியாயமாக ஒரு விதி போட முடியாது என்று லீமாரோஸ் நம்பினாள்.

இரண்டு பேரும் தங்கள் கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினார்கள். கீழக்கரையில் சதக்குக்குப் பிரியாணி போட்டு, மேலே தொதல் அல்வாவும் வைத்தார்கள். சாப்பிட்டுவிட்டு சாட்சி நாற்காலியில் உட்கார்ந்தவர் பிற்பகல் அஸர் தொழுகைக்குத்தான் கண் விழித்தார். எழுந்ததும் எல்லோருடைய ஆட்டமும் நேர்மையானது என்று சொல்லிவிட்டு, அடுத்த வெள்ளிக்கும் வருவதாகச் சொன்னார்.

வாவு முகம்மதோ கடமை தவறாதவர். ராமநாதபுரத்திலிருந்து திரும்பிய கையோடு போன் செய்தார்.

"தங்கச்சி, பஞ்சம்மாளைப் பாத்துட்டேன்."

"சொல்லுங்க காக்கா. எப்படி ஆடுறாக?"

"நீ சொன்ன மாதிரி மூஞ்சிய மட்டுந்தேன் பாத்தேன். மாஷா அல்லாஹ், நான் இப்படி ஒரு ஆளக் கண்டதில்ல. நம்ம பயலுக ஆடுறப்ப பல்லக் கடிக்கிறான், நெளியிறான், மவுஸப் போட்டு அடிக்கிறான். அந்தம்மா ஒக்காந்தது ஒக்காந்த மாதிரி இருக்கு. கண்ணு பொட்டிய விட்டு அந்தண்ட இந்தண்ட போகல. ஒருதரம் கையெடுத்துக் கும்பிட்டுக்கிருச்சு, அம்புட்டுத்தேன்."

"முடியிற வரைக்கும் இருந்தீகளா?"

"கடைசியில சதக்கு கடையில நிக்கிற ஆளு என்னைய டீ குடிக்க அனுப்பி வச்சுட்டான். திரும்பி வாரேன், அந்தம்மா கண்ணு கலங்கி, சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சு வருது. ஜெயிச்ச சந்தோசம். எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. ஆட்டம்னா அப்படி உசுரக் குடுத்து ஆடணும் தங்கச்சி."

போனை வைத்த லீமாரோஸுக்கும் ஒரு மாதிரிதான் ஆயிற்று. சமையலுக்கும் கடைக்கும் நடுவில் தான் கட்டிய ஒரு பொம்மைக் கடலைப் பார்த்து முகம் தெரியாத ஒரு பெண் கும்பிடுகிறாள், கண் கலங்குகிறாள். இதற்குமேல் ஒரு கேம் செய்கிறவளுக்கு என்ன வேண்டும்?

ஆனால் செய்தி பரவியதும் வேறொரு கோளாறு கிளம்பியது. பஞ்சம்மாள் அசையாமல் ஆடுகிறாளாம், கண் இமைக்காமல் ஆடுகிறாளாம், வெள்ளிக்கிழமை விரதமிருந்து ஆடுகிறாளாம். ராமேஸ்வரத்துப் பையன்கள் அத்தனை பேரும் முதுகை நிமிர்த்தி, முகத்தைக் கல்லாக்கி, இமைக்காமல் ஆட ஆரம்பித்தார்கள். கண்ணில் நீர் முட்டி, பாறை தெரியாமல், வல்லம் வல்லமாக மூழ்கியது. சவேரியாரின் அம்மா, மகனுக்குக் கண்ணில் ஏதோ வந்துவிட்டதென்று மஞ்சள் தண்ணீரில் துணி நனைத்துக் கொடுத்தாளாம்.

"அக்கா, இது ஆவுறதில்ல" என்றான் சவேரியார். "அந்தம்மா கேம்ல ஏதோ ஓட்டையக் கண்டுபிடிச்சிருக்கு. நீங்க கேம மாத்துங்க."

அதுவும் நியாயமாகப் பட்டது. லீமாரோஸ் கடலை மாற்றினாள். பாறைகளைக் கூட்டினாள். ஆடிக் காற்று போலக் காற்றை வைத்தாள். டீசலைப் பாதியாகக் குறைத்தாள். குறுக்கு வழியில் புள்ளி சேர்க்கிற எவரும் இந்தக் கடலில் தப்ப முடியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை சவேரியாரின் புள்ளி எண்ணூறுக்கு இறங்கியது. கீழக்கரையில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த உம்மு ஹபீபா என்ற கல்லூரிப் பெண்ணுக்கு எழுநூறு. மற்றவர்கள் நூறைத் தாண்டவில்லை.

பஞ்சம்மாளுக்குப் பதினோராயிரம்.

அன்று வந்த போனில் சவேரியார் கோபப்படவில்லை. அதுதான் லீமாரோஸைக் குத்தியது.

"அக்கா, ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீக. அந்தம்மா உங்களுக்குச் சொந்தமா?"

"என்னப்பா இப்படிக் கேக்குற?"

"இல்ல, பயலுக பேசிக்கிறாய்ங்க. பஞ்சம்மாள்னு ஒரு ஆளே இல்லையாம். நீங்களே பஞ்சம்மாள்ங்கிறாய்ங்க. குக்கரு வீட்ட விட்டுப் போகக் கூடாதுன்னு."

லீமாரோஸுக்கு அன்றிரவு சாப்பிடத் தோன்றவில்லை. நான்கு வருடம் தனியாக ஆடிய விளையாட்டு இது. இப்போதுதான் ஊர் ஆடுகிறது. அவள் கை சுத்தமில்லை என்று ஒரு பேச்சு ஒட்டிக்கொண்டால், நாளைக்கு அவள் எத்தனை விளையாட்டு செய்தாலும் ஒருவனும் திறந்து பார்க்க மாட்டான்.

யாக்கோபு தட்டை அவள் முன்னால் நகர்த்தி வைத்தான். பிறகு சொன்னான். அவனுக்கு அது பெரிய பிரசங்கம்.

"எவன் எம்புட்டுப் புடிச்சான்னு நடுக்கடல்ல சண்ட போட்டு என்னா செய்ய. எல்லாரையும் ஒரே கரைக்கு வரச் சொல்லு. கண்ணு முன்னால கூடையக் கவுத்துப் பாத்துருவோம்."

லீமாரோஸ் அவனைப் பார்த்தாள். பிறகு தட்டை இழுத்துச் சாப்பிட்டாள்.

இறுதிப் போட்டி பாம்பனிலேயே, மீனவர் சங்கக் கட்டடத்தில் என்று முடிவாயிற்று. பட்டியலில் முதல் மூன்று பேர், ஊர் பார்க்க ஒரே நேரத்தில் ஆட வேண்டும். சதக்கிடம் நாள் கேட்டாள்.

"எந்தக் கெழமையும் வை. ஆனா அந்தம்மா வெள்ளிக்கெழம தவிர வராது."

"வெள்ளிக்கெழம உங்களுக்கு ஜும்மா தொழுக இருக்கேண்ணே."

"ஜும்மா முடிச்சு வச்சுக்க. நானே கூட்டிட்டு வாரேன்."

நடுவராக யாரைப் போடுவது என்பது அடுத்த தலைவலி. சென்டர்க்காரர்கள் வேண்டாம். ஆடுகிறவர்களுக்குச் சொந்தக்காரர்கள் வேண்டாம். யோசித்து யோசித்து, மண்டபம் ஊரில் குடியிருந்த ராமலெட்சுமி டீச்சரைப் பிடித்தாள். விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர், மாவட்டமெங்கும் கபடிப் போட்டிகளுக்கு நடுவர். சொந்தத் தம்பியையே கோடு மிதித்தான் என்று வெளியேற்றியதில், மூன்று வருடம் அவன் பேசாமல் இருந்ததாகக் கேள்வி.

டீச்சர் கழுத்தில் விசிலோடு வந்து விவரம் கேட்டார்.

"இதுல யாரு யாரத் தொடணும்?"

"யாரும் யாரையும் தொடக் கூடாது டீச்சர். படகு பாறையத் தொடாம இருக்கணும்."

"கோடு எங்கன?"

"கோடு இல்ல டீச்சர்."

"கோடு இல்லாம என்ன ஆட்டம்" என்று சொல்லி, டீச்சர் தரையில் சாக்பீஸால் தானே ஒரு கோடு கிழித்தார். "ஆடுறவுக மூணு பேருந்தேன் இதுக்குள்ள. வேற ஆளு கால வச்சாலோ, ஆடுறவுக கூட ஒரு வார்த்த பேசுனாலோ, அந்த ஊரு அவுட்டு."

வெள்ளிக்கிழமை வந்தது. யாக்கோபு கடலுக்குப் போகவில்லை. மீன் ஏற்றுகிற வண்டியில் மூன்று கம்ப்யூட்டர்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கினான். மானிட்டரைத் துடைக்கத் துடைக்கக் கெழுத்தி மீன் வாடை அடித்தது. கரண்டை நம்ப முடியாதென்று திருவிழாவுக்கு ஓடுகிற ஜெனரேட்டரையும் கேட்டு வாங்கி வந்தான். அவன் ஒயர் இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்ற லீமாரோஸ், போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

கட்டடம் நிறைந்துவிட்டது. சவேரியார் கூட்டாளிகள் பத்துப் பேரோடு வந்தான். உம்மு ஹபீபா தாயாரோடு வந்தாள். வாவு முகம்மது குக்கரை ஜிகினாத் தாளில் சுற்றி எடுத்து வந்தார். எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சதக் வந்தார். அவருக்குப் பின்னால் பஞ்சம்மாள்.

ஐம்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த மேனி, மடிப்புக் கலையாத புதுச் சேலை, தலை நிறையப் பூ, நெற்றியில் கோயில் திருநீறு. திருவிழாவுக்குப் புறப்பட்டவள் போல இருந்தாள். அப்படி ஒரு ஆள் உண்மையிலேயே இருக்கிறாள் என்பதைப் பார்த்ததும் லீமாரோஸுக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. ஓடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கம்மா. சாப்பிட்டீகளா?"

"ஆச்சு தாயி. பொட்டி எங்கன இருக்கு?"

சவேரியார் பக்கத்திலிருந்தவனை முழங்கையால் இடித்தான். "பாத்தியா? வந்ததும் பொட்டியத்தேன் கேக்குது."

"ரொம்பத் தொலைவு வரச் சொல்லிட்டோம்" என்றாள் லீமாரோஸ்.

"இதுக்கு எம்புட்டுத் தூரம்னாலும் வரலாம் தாயி."

சதக் பெருமையாகத் தலையசைத்தார். "பாம்பன்ல பெரிசா வச்சிருக்கு, வாங்கன்னேன். எதுக்கு ஏன்னு ஒரு வார்த்த கேக்கல. கெளம்பி வந்துருச்சு."

மூன்று பேரும் கோட்டுக்குள் உட்கார்ந்தார்கள். லீமாரோஸ் மூன்று திரையிலும் பெயர் அடித்து ஆட்டத்தைத் திறந்துவிட்டுக் கோட்டுக்கு வெளியே வந்து நின்றாள். ராமலெட்சுமி டீச்சர் விசிலை ஊதினார்.

சவேரியார் பாய்ந்தான். ஹபீபா பாய்ந்தாள். இரண்டு வல்லமும் காற்றில் ஆடி, பாறைகளுக்கு நடுவே நெளிந்து, மீனை அள்ளிக்கொண்டு போயின. கூட்டம் இருவர் பின்னாலும் சாய்ந்து சாய்ந்து பார்த்தது. ஹபீபா பாலத்தை இரண்டு தடவை தாண்டி, மூன்றாம் தடவை தூணில் மோதினாள். சவேரியார் அவளையும் மிஞ்சி, ஆயிரத்தைத் தாண்டியபோது அவனுக்கு டீசல் தீர்ந்தது. அந்தப் புதுக் கடலில் பஞ்சம்மாளைத் தவிர அதுவரை யாரும் ஆயிரத்தைப் பார்க்கவில்லை. பையன்கள் அவனைத் தோளில் தூக்கப் போனார்கள்.

"கோடு" என்றார் டீச்சர். பையன்கள் நின்றார்கள்.

அப்போதுதான் எல்லோரும் மூன்றாவது திரையைப் பார்த்தார்கள்.

பஞ்சம்மாளின் வல்லம் புறப்பட்ட இடத்திலேயே நின்றது. எஞ்சின் ஓடவில்லை. எஞ்சின் ஓடாததால் டீசல் குறையவில்லை. நகராததால் பாறை எதுவும் வரவில்லை. மூழ்காததால், ஒரு நொடிக்கு ஒரு புள்ளி, ஒரு நொடிக்கு ஒரு புள்ளி என்று ஏறிக்கொண்டே இருந்தது. பஞ்சம்மாள் இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

லீமாரோஸுக்குப் பளீரென்றது. படகு ஓட்டுகிற விளையாட்டில் படகை ஓட்டாமல் ஒருவர் இருப்பார் என்று அவள் நினைத்தே பார்த்ததில்லை. தப்பு அவளுடைய கணக்கில்தான். அதை இந்த அம்மா ஒருத்திதான் கண்டுபிடித்திருக்கிறாள்.

டீச்சர் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"படகு ஓடியே ஆகணும்னு விதியில எங்கயாச்சும் இருக்கா?"

"இல்ல டீச்சர்."

"கோட்டத் தாண்டுச்சா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப ஆட்டம் நடக்குது. எல்லாரும் ஒக்காருங்க."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். புள்ளி முந்நூறில் இருந்தது. சவேரியாரை எட்ட இன்னும் நேரமிருந்தது. டீ வந்தது. சுண்டல் வந்தது. அசையாத ஒரு படகை அந்த ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. வழியில் போன ஒரு பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா நடக்குது?"

"போட்டி நடக்குது."

"படகு நிக்குது?"

"அதான் போட்டி. சும்மா இருங்க, தொள்ளாயிரம் வந்துருச்சு."

பெரியவரும் உட்கார்ந்துவிட்டார்.

புள்ளி சவேரியாரைத் தாண்டிய நொடியில் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. டீச்சர் விசிலை ஊதிப் பஞ்சம்மாள் பக்கம் கையை நீட்டினார். முதலில் எழுந்து போனவன் சவேரியார்தான். லீமாரோஸிடம் வந்து தலையைக் குனிந்தான்.

"தப்பாப் பேசிட்டேங்க்கா. காத்து இப்படி அடிக்கிறப்ப எங்கய்யா கடலுக்குப் போவாரா? கரையிலதான் ஒக்காந்திருப்பாரு. இது எனக்குத் தோணல பாருங்க."

லீமாரோஸ் மைக்கைப் பிடித்தாள். எழுதி வைத்திருந்த பேச்சு மறந்துபோனது. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"எனக்குப் பேச வராது. நாலு வருசமா இந்தக் கேம நான் தனியா ஆடிக்கிட்டு இருந்தேன். நீங்க ஆடுனீக, சண்ட போட்டீக, என்னையச் சந்தேகப்பட்டீக. அம்புட்டுக்கும் நன்றி. வேண்டாததுக்கு யாரும் சண்ட போட மாட்டாக. கடைய விட்டுட்டு பஸ் ஏறி அலைஞ்ச சதக் அண்ணனுக்கும் வாவு காக்காவுக்கும் நன்றி. கோடு போட்ட டீச்சருக்கு நன்றி. எங்க வீட்டுக்காரக..."

யாக்கோபு ஜெனரேட்டர் பக்கம் திரும்பி, சரியாக இருந்த ஒயரை மறுபடி சரிசெய்தான்.

"அவுகளுக்கு நன்றி சொன்னா ம்முன்னுதேன் சொல்லுவாக. பரவாயில்ல. கடைசியா பஞ்சம்மா அம்மாவுக்கு. நான் ஓடுறதுக்குத்தேன் கடல் செஞ்சேன். பொறுத்துக் காத்திருக்கவும் அதுல எடமிருக்குன்னு அவுகதேன் எனக்குக் காட்டுனாக. நான் செஞ்ச கேம எனக்கே சொல்லிக் குடுத்தவுக. இனி எத்தன கேம் செஞ்சாலும் அவுக பேரச் சொல்லித்தேன் தொடங்குவேன்."

கூட்டத்தில் இரண்டொருவர் கண்ணைத் துடைத்தார்கள். வாவு முகம்மது குக்கரை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். பஞ்சம்மாள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மறுபடி திரையைப் பார்த்தாள்.

"அம்மா, நீங்க ரெண்டு வார்த்த பேசணும்" என்று லீமாரோஸ் மைக்கை அவள் வாயருகே பிடித்தாள். கட்டடமே அடங்கியது.

பஞ்சம்மாள் கூட்டத்தை ஒருமுறை பார்த்துக் கும்பிட்டாள். பிறகு லீமாரோஸ் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டாள்.

"தாயி, ராமநாதபுரத்துல இந்தப் படகுப் படம் முடிஞ்ச ஒடன துபாய்ல இருக்க எம் மகன் மொகம் இந்தப் பொட்டியில வந்து பேசும், இங்கன எப்ப வரும்?"